கரைக்குப் பணம் வருகிறது, கப்பலுக்கு வரவில்லை

கேள்வி: இந்தியாவின் கப்பல், துறைமுகத் துறையில் முதலீட்டு வாய்ப்புகள் குவிந்து கிடப்பதாக எங்கும் பேச்சாக இருக்கிறது. 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கும் அனுமதியாமே? பணி ஓய்வில் வந்த தொகையில் ஒரு பகுதியை நானும் இதில் போடலாமா? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வது என் வேலை இல்லை. அதற்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் 'கப்பல்' முதலிலும் 'துறைமுகம்' அடுத்தும் வருகிறது. அந்தக் கப்பலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். 'வாய்ப்பு' என்று இந்நாட்டில் பேசப்படுவதெல்லாம் கரையைப் பற்றியது. கடலில் ஓடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

துறைமுகத்துக்குப் பணம் வருவதில் அதிசயம் இல்லை. மும்பைக்குப் பக்கத்து நவசேவா துறைமுகத்தில் 1997இல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு டெர்மினல், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் முனையம், கொடுத்ததிலிருந்து இந்தக் கதை நடக்கிறது. நிலமும் கடல் முகமும் அரசுடையது. தனியார் பெர்த் (கப்பல் நிற்கும் மேடை) கட்டி, கிரேன் போட்டு, 30 ஆண்டு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2021இல் வந்த பெருந்துறைமுக ஆணையச் சட்டத்துக்குப் பிறகு கட்டணத்தை முடிவு செய்வதிலும் பழைய கெடுபிடி இல்லை. சுற்றுவட்டாரச் சரக்கு அந்தக் கரைக்குத்தான் வந்தாக வேண்டும். இடம் பெயராத சொத்து என்பதால் வங்கியும் தயங்காமல் கடன் தருகிறது.

இப்போது கப்பலுக்கு வாருங்கள். 1987-88இல் நம் வெளிநாட்டு வர்த்தகச் சரக்கில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியக் கப்பல்களில் போயிற்று. 2018-19இல் அது 8 சதவீதத்தையும் எட்டவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நாம் தரும் வாடகை ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 செப்டம்பரில் பிரதமரே பாவ்நகரில் சொன்னார்.

திருப்பூரில் ஒரு பெட்டியில் பனியன் ஏற்றுகிறார்கள். லாரியில் தூத்துக்குடி வருகிறது. அங்கே ஃபீடர் எனும் சிறு கப்பலில் ஏறி கொழும்பில் இறங்குகிறது. யார்டில் காத்துக் கிடந்து, மதர் ஷிப் எனும் பெருங்கப்பல் வந்ததும் மறுபடி ஏறி ஐரோப்பா போகிறது. லாரி நம்முடையது, பனியன் நம்முடையது, முதல் கிரேனும் நம் மண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு நம்முடையது என்று சொல்ல எதுவும் இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது வாடகை எகிறியது. பேரம் பேசத் திருப்பூர்க்காரர் கையில் என்ன இருந்தது?

இதற்கு விடை 1906இலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நான் வ.உ.சி. பெயரை எடுத்தாலே 'மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா' என்று கடிதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், மறுபடியும்தான். இந்த நாட்டில் கப்பல் முதலீடு பற்றிக் கேட்டுவிட்டு அவரை விட்டுவிட முடியாது. பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். அதுதான் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. பாண்டித்துரைத் தேவர் தலைவர், முன்னின்று நடத்தியவர் வ.உ.சி. முதலில் அவர்கள் வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி மிரட்டியது, கப்பல் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டார். சொந்தக் கப்பல் இல்லாமல் காரியம் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் 'காலியா'வும் 'லாவோ'வும் வந்தன. எதிரி கட்டணத்தைக் குறைத்தான், பிறகு இலவசமாக ஏற்றினான், ஏறியவனுக்குக் குடையும் கொடுத்தான். வ.உ.சி. 1908இல் சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே 1908இல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியத் துறைமுகங்கள் சட்டம் 2025 வரை நம்மை ஆண்டது. புதிய சட்டம் கொண்டுவர நமக்கு 117 ஆண்டு ஆயிற்று.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரை வைத்துவிட்டோம். அவர் கேட்டது கப்பல்.

கப்பலுக்கு ஏன் பணம் வரவில்லை? முதல் காரணம், வாடகை ஒரு நிலையில் நிற்காது. நிலக்கரி, இரும்புத்தாது போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல்களின் வாடகையைக் காட்டும் பால்டிக் குறியீடு 2008 மே 20 அன்று 11,793. அதே ஆண்டு டிசம்பரில் 663. உச்சத்தில் ஆர்டர் கொடுத்தவருக்குக் கப்பல் கட்டி வந்து சேர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் வாடகை தரை தட்டியிருக்கும், வங்கித் தவணை மட்டும் அப்படியே இருக்கும். உலகின் முதல் 10 கன்டெய்னர் நிறுவனங்களில் ஒன்றான கொரியாவின் ஹான்ஜின் 2016 ஆகஸ்டில் விழுந்தது. கட்டணம் கிடைக்காது என்று பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. சரக்கோடு நடுக்கடலில் நின்றன.

இரண்டாவது காரணம் நாமே செய்துகொண்டது. இந்தியக் கொடி ஏற்றக் கப்பலை வாங்கிக் கொண்டுவந்தால் 5 சதவீத ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி வரி. அதே சரக்கை ஏற்ற வரும் வெளிநாட்டுக் கப்பலுக்கு அந்தச் சுமை இல்லை. வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்து ஆண்டில் பாதிக்கு மேல் வெளியே இருக்கும் மாலுமிக்கு அந்தச் சம்பளத்தில் இங்கே வருமான வரி இல்லை. நம் கரையோரம் ஓடும் கப்பலில் வேலை பார்ப்பவருக்கு உண்டு. நல்ல மாலுமி எந்தக் கப்பலில் ஏறுவார்? எத்தனை பட்ஜெட் வந்து போயின, இதை எழுதி எனக்குக் கை வலிக்கிறது.

கரையில் போட்ட பணம் எல்லாம் பத்திரம் என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடியின் முதல் கன்டெய்னர் டெர்மினலை 1998இல் ஒரு கூட்டு நிறுவனம் 30 ஆண்டு உரிமத்தில் எடுத்தது. துறைமுகத்துக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று ராயல்டி, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். பெட்டிக்கு வசூலிக்கும் கட்டணத்தை முடிவு செய்வதோ இன்னொரு அரசு அமைப்பு. கொடுக்கும் ராயல்டியைச் செலவாகக் காட்டிக் கட்டணத்தில் ஏற்ற அந்த அமைப்பு விடவில்லை. நடுவர் மன்றம் ராயல்டியை வருவாய்ப் பங்காக, அதாவது வருவாயில் இத்தனை சதவீதம் என்று, மாற்றிக் கொடுத்தது. ஒப்பந்தத்தை நடுவர் திருத்தி எழுத முடியாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏல வேகத்தில் ஒப்புக்கொண்ட ஒரு பத்தி இருபது ஆண்டுக்கு மேல் துரத்தியது. கொச்சியின் வல்லார்பாடம் டெர்மினல் 2011இல் திறந்தபோது கொழும்பின் சரக்கெல்லாம் அங்கே வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. ஆழத்தைக் காக்க ஓயாமல் தூர்வார வேண்டியிருக்கிறது. அதே கேரளத்தின் விழிஞ்ஞத்திலோ கரைக்குப் பக்கத்திலேயே இயற்கையாக 18 மீட்டருக்கு மேல் ஆழம், சர்வதேசக் கப்பல் தடமும் அருகில். 2024 ஜூலையில் பெரிய கப்பல் வந்து நின்றது.

ஆழம் என்று வந்துவிட்டதால் இலங்கையைச் சுற்றாமல் போகக் கடலைத் தோண்டும் சேது சமுத்திரக் கால்வாயையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் மதுரையில் 2,427 கோடி ரூபாய்த் திட்டமாக அதைத் தொடங்கிவைத்தபோது இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் கேட்டேன். 12 மீட்டர் ஆழம், சுமார் 30,000 டன் கப்பல் வரைதான் போகலாம் என்கிறீர்கள். மதர் ஷிப்புகள் அதைப்போல் பல மடங்கு. கால்வாய்க்குள் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டி ஓட்டும் பைலட்டுக்கும் கட்டணம் கட்டிவிட்டு, 'இலங்கையைச் சுற்றாமல் இதில்தான் போவேன்' என்று எந்தக் கப்பல் நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது? ராமர் பாலம் என்றவர்களும் திட்டினார்கள், தமிழர் கனவு என்றவர்களும் திட்டினார்கள். இன்றுவரை என் கேள்விக்குப் பதில் வரவில்லை. கடலைத் தோண்டுவதற்கு முன்பு கப்பல்காரரைக் கேட்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. கப்பல் கட்டுவதற்கும் வாங்குவதற்கும் 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் 25,000 கோடி கடல்சார் வளர்ச்சி நிதி, பெரும்பகுதி முதலீடாகவே இறங்கும், 5,000 கோடி வட்டிச் சலுகைக்கு. உலகில் கட்டப்படும் கப்பல்களில் நம் பங்கு 1 சதவீதம்கூட இல்லாத நிலையில் இதை மனதார வரவேற்கிறேன். கப்பலுக்குத் தேவை இப்படி 20 ஆண்டு பொறுத்திருக்கிற பணம். காப்பீட்டு நிறுவனங்களும் பெரிய ஓய்வூதிய நிதிகளும் இதில் வர வேண்டும். மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுக்க வேண்டியிருக்கிற உங்கள் பணம் வாடகைச் சுழலில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே கப்பல் பங்கு உங்களுக்கு வேண்டாம்.

துறைமுகப் பங்குதான் என்று முடிவு செய்தால், ஆலோசகரிடம் மூன்று விவரம் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் டெர்மினல் ஒப்பந்தங்கள் எந்த ஆண்டில் முடிகின்றன? அரசுக்குத் தருவது ராயல்டியா, வருவாய்ப் பங்கா, ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது? அங்கே வரும் பெட்டிகளில் எத்தனை பங்கு ஒரே கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்தது? கடைசிக் கேள்விக்கு 'பாதிக்கு மேல்' என்று பதில் வந்தால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள். கப்பல் வைத்திருப்பவர் நாளைக்கே பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடுவார்.