பூட்டுக்கு வெளியே ஓர் எண்

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் ஸ்கூட்டரில் கடைக்குப் போய்வருகிறார். துபாயில் இருக்கும் மகனின் எண்ணை அவருடைய போனில் 'ஐ.சி.இ.' என்ற பெயரில் பதிந்து வைத்திருக்கிறேன். இது போதுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாதம்மா. 'ஐ.சி.இ.' ('இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி', அதாவது அவசரம் என்றால் அழைக்க வேண்டியவர்) என்பது 2005இல் இங்கிலாந்தின் ஆம்புலன்ஸ் பணியாளர் பாப் பிராட்சி பரப்பிய யோசனை. அன்று பட்டன் போன்; யார் எடுத்தாலும் பெயர்ப் பட்டியல் திறக்கும். உங்கள் கணவரின் போன் அவர் விரலுக்குத்தானே திறக்கும்?

அவசர சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். நினைவில்லாமல் வந்த ஒருவரின் கட்டைவிரலைத் துடைத்து, போனில் வைத்துப் பார்த்தோம். விழுந்த வேகத்தில் போன் அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அப்படி ஆகிவிட்டால் விரல் செல்லாது, ரகசிய எண்தான் கேட்கும். முக்கால் மணி நேரம் கழித்து 'வீடு' என்று திரையில் ஒளிர்ந்தது. "சாப்பிட வரவில்லையா?" என்றது ஒரு குரல். பதில் சொன்னது நான்.

ஆகவே எண்ணைப் பூட்டுக்கு வெளியே வையுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி' என்று தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், ஆனால் அகப்பட்டுவிடும். மருத்துவ விவரம், அழைக்க வேண்டியவர்கள் இரண்டையும் நிரப்பி, பூட்டிய திரையில் காட்டும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். ஐபோனில் இது ஹெல்த் செயலிக்குள் 'மெடிக்கல் ஐடி' என்று இருக்கும்.

எல்லோரும் முதலில் ரத்த வகையைத்தான் எழுதுகிறார்கள். நாங்கள் எப்படியும் சோதித்துப் பார்க்காமல் ரத்தம் ஏற்ற மாட்டோம். ஸ்டென்ட் வைத்தவர் என்பதும், ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரும்தான் முக்கியம். தலையில் அடிபட்டு வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஒவ்வாத மருந்து இருந்தால் அதையும் சேருங்கள்.

மகன் எண் இருக்கட்டும், +971 சேர்த்து. ஆனால் துபாயிலிருந்து அவர் எப்படி ஓடி வருவார்? பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய கொழுந்தனாரையோ பக்கத்து வீட்டாரையோ முதலில் போடுங்கள். உங்கள் எண் மட்டும் போதாது. நீங்களும் அதே ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருக்கலாம்.

சார்ஜ் தீர்ந்த போனில் இவை எதுவும் தெரியாது. இதே விவரங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, போனின் பின்னுறைக்குள் செருகுங்கள். கண்ணாடி போலத் தெரியும் உறை என்றால் நல்லது. என்னைக் கேட்டால் முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன்.

இன்று அவர் வந்ததும் போனைப் பூட்டிவிட்டு, முன்பின் தெரியாதவர் போல நீங்களே எடுத்துப் பாருங்கள். 'எமர்ஜென்சி' என்ற இடத்தைத் தொட்டு, கொழுந்தனாரை அழையுங்கள். அவர் எடுக்கிறாரா பார்ப்போம்.