அரங்குக்கு ஒலியமைப்பு வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சங்கத்தின் 300 இருக்கை அரங்குக்கு ஒலியமைப்பு வாங்க இரண்டு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்றோம். ஒன்று மொத்தம் 4000 வாட் என்கிறது. மற்றொன்று 1200 வாட் என்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். குழுவில் பெரும்பாலோர் 4000 வாட்டையே விரும்புகிறார்கள். எதை எடுப்பது?

பதில்: முதலில், அந்த இரண்டும் எந்த வாட் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஒலிபெருக்கிக்கு விவரத்தாளில் மூன்று எண்கள் இருக்கும்: தொடர்ச்சியாகத் தாங்கும் வாட், அதைப்போல் இரு மடங்காகப் போடப்படும் நிகழ்ச்சி வாட், பெரும்பாலும் நான்கு மடங்காகப் போடப்படும் உச்ச வாட். 4000 என்பது உச்ச வாட்டாக இருந்தால் அதன் தொடர் வாட் 1000தான்; 1200 என்பது தொடர் வாட்டாக இருந்தால், குழு சிறியதென்று ஒதுக்கியதுதான் உண்மையில் பெரியது.

அடுத்துப் பார்க்க வேண்டியது உணர்திறன் என்னும் எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் கிடைக்கிறது என்பதே அது. 97 டெசிபெல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கிக்கு 100 வாட் கொடுத்தால், 20 மீட்டருக்கு அப்பால் அதிலிருந்து நேராக வந்து சேரும் ஒலி 91 டெசிபெல் இருக்கும். 90 டெசிபெல் உணர்திறன் உள்ள ஒன்றிலிருந்து அதே இடத்தில் அதே 91 டெசிபெல்லைப் பெற 500 வாட் கொடுக்க வேண்டும். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு உரத்துக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவைப்படும்.

எனவே இரு நிறுவனங்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடிக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சு எத்தனை டெசிபெல்லில் கிடைக்கும், அது அறையின் இரைச்சலைவிட எவ்வளவு மேலே இருக்கும்? 10 முதல் 15 டெசிபெல் மேலே இருப்பது நல்லது. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையிலான வேறுபாடு 6 டெசிபெல்லுக்குள் அடங்க வேண்டும். மெய்யெழுத்துகளின் தெளிவைத் தாங்கும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலி எங்கெங்கே விழுகிறது என்று காட்டும் வரைபடத்தையும் கேளுங்கள். அதைத் தருபவரின் விலைப்புள்ளியைத்தான் நான் எடுப்பேன். வாட்டை மட்டுமே பேசுபவர் உங்கள் அரங்கை இன்னும் பார்க்கவே இல்லை.

கேள்வி: எங்கள் கூட்ட மண்டபம் 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் கொண்டது. தரை கல், சுவர்கள் வெறும் பூச்சு, ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. புதிய ஒலியமைப்புப் போட்ட பிறகு சத்தம் தாராளமாக இருக்கிறது, ஆனால் பின்வரிசைகளில் பேச்சு புரியவில்லை. இன்னும் நான்கு ஒலிபெருக்கிகள் சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காலியான மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய ஓசை கைகளை விட்டுப் போன பிறகும் மூன்று விநாடி சுற்றிக்கொண்டிருந்தால், உங்கள் மண்டபத்தின் குறை எதிர்முழக்கம். அதை எந்த ஆம்ப்ளிஃபயரும் சரிசெய்யாது.

பேச்சில் உயிரோசைகள் உரத்தவை, மெய்யோசைகள் மெல்லியவை. ‘பக்கம்’, ‘பட்டம்’, ‘பத்தம்’ ஆகியவை நடுவில் உள்ள ஒரு மெய்யால் மட்டுமே வேறுபடுகின்றன. முதலில் வரும் ‘ப’வின் ஓசை கல்லிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து அந்த மெய்யின் மேல் விழுந்து மூடிவிடுகிறது. பின்வரிசையில் இருப்பவருக்கு ஏதோ ஒரு சொல் வந்தது தெரிகிறது, எந்தச் சொல் என்று தெரிவதில்லை. ஒலியைக் கூட்டினால் மூடும் ஓசையும் அதே அளவு கூடுகிறது. சத்தம் போதவில்லை என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வதும், உடனே இயக்குபவர் ஒலியைக் கூட்டுவதும், இன்னும் புரியாமல் போவதும் இதனால்தான்.

இதைக் கணக்கிட வழி சொன்னவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேசிய சொல் ஐந்தரை விநாடி ஒலித்துக்கொண்டிருந்த ஒரு விரிவுரை அரங்கைச் சீர்செய்யும் வேலை அவரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்து அளந்து அவர் கண்ட விதி இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சுபரப்பால் (அறையிலுள்ளவை எல்லாம் சேர்ந்து, ஒலியை முழுதாக விழுங்கும் எத்தனை சதுர மீட்டருக்குச் சமம் என்பதால்) வகுத்தால் எதிர்முழக்க நேரம் விநாடியில் கிடைக்கும்.

உங்கள் மண்டபம் 1440 கனமீட்டர். எதிர்முழக்கம் 3 விநாடி என்று வைத்துக்கொண்டால், இப்போதைய உறிஞ்சுபரப்பு சுமார் 77 சதுர மீட்டர்தான். பேச்சுக்கு ஏற்ற 1.2 விநாடிக்குக் கொண்டுவர 193 சதுர மீட்டர் தேவை, பற்றாக்குறை 116. தன்மேல் விழும் ஒலியில் 80 விழுக்காட்டை உறிஞ்சும் தரமான பலகையாக இருந்தால் 145 சதுர மீட்டர் வேண்டும். கூரையின் பரப்பு 240 சதுர மீட்டர் என்பதால், அதில் ஐந்தில் மூன்று பங்கை மூடினால் வேலை முடிந்துவிடும். பின்சுவரில் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. மெல்லிய ஸ்பாஞ்சுத் தாளை ஒட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது உயர்ந்த ஓசைகளை மட்டும் உறிஞ்சி, தாழ்ந்த ஓசைகளை அப்படியே விட்டுவிடுவதால் மண்டபம் பானைக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். குறைந்தது 50 மில்லிமீட்டர் தடிமனும், கூரையிலிருந்து சிறிது இடைவெளியும், தீப்பிடிக்காத தரச் சான்றும் கேளுங்கள்.

இன்னொன்று. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்புக்குச் சமம். 200 பேர் நிறைந்த அன்று உங்கள் மண்டபத்தின் எதிர்முழக்கம் தானாகவே 1.4 விநாடிக்கு வந்துவிடும். 50 பேர் மட்டும் வரும் மாதாந்தரக் கூட்டத்தில் 2.3 விநாடியாக இருக்கும். திறப்பு விழாவன்று நன்றாகக் கேட்டதே என்று ஒப்பந்ததாரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அன்று மண்டபம் நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

பலகைகளைப் பொருத்திய பிறகும் குறை இருந்தால், ஒலியை மேலும் கீழும் சிதறவிடாமல் ஆட்களின்மேல் மட்டும் விழச்செய்யும் உயரமான தூண்வடிவ ஒலிபெருக்கிகளுக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். நடுவில் துணை ஒலிபெருக்கிகள் வைத்தே ஆக வேண்டுமென்றால், அவற்றுக்குத் தாமதம் கொடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்வதால், மேடைக்கு 15 மீட்டர் முன்னே வைத்த பெட்டிக்கு 44 மில்லிவிநாடித் தாமதம் வேண்டும். அதற்குமேல் 10 முதல் 15 மில்லிவிநாடி சேர்த்தால், ஒலி மேடையிலிருந்தே வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்புகிறது என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் சோதனைகளால் காட்டினார். தாமதம் இல்லாமல் சேர்க்கும் ஒவ்வொரு பெட்டியும் உங்கள் மண்டபத்தில் ஒரு புதிய எதிரொலிதான்.

கேள்வி: கூட்டம் நடக்கும்போது மைக் அடிக்கடி ‘வீல்’ என்று கத்துகிறது. அதை நிறுத்தும் கருவி ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: கருவி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவை 60 சென்டிமீட்டரிலிருந்து 15ஆகக் குறைத்தால், பைசா செலவில்லாமல் 12 டெசிபெல் கிடைக்கும். எந்தக் கருவியாலும் அவ்வளவு தர முடியாது. பயன்படுத்தாத மைக்குகளை மூடிவையுங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் இழக்கிறீர்கள். ஒலிபெருக்கிகள் பேசுபவருக்கு முன்னால், மைக்கின் முதுகு பார்க்கும் பக்கம் இருக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் முன்னால் வரும் ஒலியை மட்டும் நன்றாக வாங்கும் அதன் திசைத்தன்மையே கெட்டுக் கத்தல் கூடும் என்பதை மேடையேறுபவர்களிடம் பணிவாகச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: உணவகமும் அதை ஒட்டிய கடைகளும் சேர்ந்து 24 கூரை ஒலிபெருக்கிகள் போடப்போகிறோம். ‘100 வோல்ட் லைன்’ முறை வேண்டும் என்கிறார் ஒருவர். வீட்டு ஸ்பீக்கர்போல் சாதாரண 8 ஓம் இணைப்பே போதும் என்கிறார் மற்றவர்.

பதில்: 100 வோல்ட் லைனையே எடுங்கள், சில நாடுகளில் இது 70 வோல்ட்டாக இருக்கும். உயர்ந்த வோல்ட்டில் குறைந்த மின்னோட்டமாக அனுப்பி, ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் உள்ள சிறிய மின்மாற்றியால் இறக்கிக்கொள்ளும் முறை இது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 100 மீட்டர் இழுத்தால், போக வர அதன் தடை ஏறக்குறைய 2.3 ஓம். அதன் முனையில் 8 ஓம் ஒலிபெருக்கி இருந்தால் ஆம்ப்ளிஃபயர் தருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கம்பியிலேயே சூடாகிப் போகும். அதே கம்பியில் 100 வோல்ட் முறையில் 100 வாட் அனுப்பினால் இழப்பு 2 விழுக்காடுதான். ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் 3, 6, 10 வாட் என்று தேவைக்கேற்ப ஒரு திருகியால் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

அந்தத் திருகியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு கடைவளாகத்தில் பாட்டு தொடங்கிச் சில நிமிடங்களில் மொத்த அமைப்பும் ஊமையாகிவிடுகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரை ஏற்கெனவே இருமுறை மாற்றியிருந்தார்கள். ஏணி போட்டு, கூரைத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஒலிபெருக்கிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனதில், பதினேழாவதில் அந்தச் சிறிய கறுப்புத் திருகி 6 வாட்டில் இல்லாமல் ‘8 ஓம்’ என்ற குறியில் நின்றது. 100 வோல்ட்டில் 8 ஓம் என்றால் அந்த ஒன்று மட்டுமே 1250 வாட் கேட்கிறது. பாட்டின் ஓசை ஏறும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது. கூரை மூடும் முன் ஒவ்வொரு லைனின் மின்மறுப்பையும் (ஒலி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை, ஓமில்) அதற்குரிய மீட்டரால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். 6 வாட்டில் 24 ஒலிபெருக்கிகள் என்றால் மீட்டர் 70 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும்.

எண்ணிக்கையையும் சரிபார்த்துவிடுங்கள். கூரை 3 மீட்டர் உயரத்தில் இருந்து, உட்கார்ந்தவரின் காது 1.2 மீட்டரில் இருந்தால், 90 பாகை விரியும் ஒலிபெருக்கி 3.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத்தான் நிரப்பும். அதைவிட அகலமாக இடைவெளி விட்டால், ஒரு மேசையில் உரத்தும் அடுத்த மேசையில் மந்தமாகவும் கேட்கும். அப்போது ஊழியர் ஒலியைக் கூட்டுவார், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருப்பவர் எழுந்து போவார்.

கேள்வி: இதே இசை அமைப்பிலேயே தீ எச்சரிக்கை அறிவிப்பையும் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் முழு அமைப்பும் அதற்கென்று சான்று பெற்றதாக இருந்தால் மட்டுமே. ஐரோப்பாவில் இஎன் 54, பன்னாட்டளவில் ஐஎஸ்ஓ 7240 ஆகிய தரநிலைகள் இதற்கு உள்ளன. மின்சாரம் போனாலும் பேட்டரியில் இயங்குவது, தீயிலும் குறிப்பிட்ட நேரம் தாங்கும் கம்பி, ஒரு லைன் அறுந்தால் உடனே காட்டும் கண்காணிப்பு ஆகியவை இல்லாத இசை ஆம்ப்ளிஃபயரில் உயிர்காக்கும் அறிவிப்பை ஏற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் தீயணைப்புத் துறையின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில்: வேலை முடிந்த பிறகு கேட்டால் எதுவும் கிடைக்காது, எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பேச்சுத் தெளிவை 0 முதல் 1 வரை அளக்கும் எஸ்டிஐ என்ற குறியீடு உண்டு. அளக்கும் முறை ஐஇசி 60268-16 என்ற பன்னாட்டுத் தரநிலையில் சொல்லப்பட்டிருக்கிறது. 0.5க்குக் கீழே போனால் அறிவிப்புக்கே போதாது. கூட்ட அரங்குக்கு 0.6 என்று எழுதுங்கள். குளிர்சாதனம் ஓடும்போது, ஓரங்களும் கடைசி வரிசையும் உட்படக் குறைந்தது எட்டு இடங்களில் அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கம்பிகள் உண்மையில் போன வழியைக் காட்டும் வரைபடம், இரு முனையிலும் பெயரொட்டிய கம்பிகள், தலைக்குமேல் தொங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டாவதாக ஒரு பாதுகாப்பு எஃகுக்கம்பி ஆகியவற்றையும் கேளுங்கள். கம்பியில்லா மைக் வாங்கினால், அது இயங்கும் அலைவரிசை உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்டதுதானா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பலர் விட்டுவிடுவது கடவுச்சொல்லைத்தான். இன்றைய அமைப்புகளில் தாமதம், ஓசைச் சமன், ஒலிபெருக்கியைக் கருகாமல் காக்கும் வரம்பு ஆகிய அனைத்தும் ஒரு கருவிக்குள் எண்களாக இருக்கின்றன. அதன் கடவுச்சொல்லை ஒப்பந்ததாரர் தன்னிடமே வைத்துக்கொண்டு, பிறகு ஒரு மைக் சேர்ப்பதற்குக்கூட வாடிக்கையாளரைக் காத்திருக்க வைத்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். கடவுச்சொல்லும் அமைப்புக் கோப்பின் நகலும் வாங்குபவருக்கே உரியவை என்று ஒரு வரி எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

கடைசித் தவணை நாளன்று, ஒப்பந்ததாரர் பார்த்திராத ஐம்பது பெயர்களின் பட்டியலை மேடையிலிருந்து ஒருவர் சாதாரண வேகத்தில் வாசிக்கட்டும். கடைசி வரிசையில் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்டதை எழுதட்டும். இசையைப் போட்டுக்காட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இத்தொழிலில் உண்டு. பாட்டு எந்த மண்டபத்திலும் நன்றாகத்தான் கேட்கும். ஐந்து தாள்களிலும் எழுதியிருப்பதை மேடையிலிருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு காசோலையை எழுதுங்கள்.