பாஞ்சியா அட்டைகள் ஏன் பொருந்த மறுக்கின்றன?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் அறிவியல் கண்காட்சிக்காக, உலக வரைபடத்திலிருந்து கண்டங்களை அட்டையில் வெட்டிச் சேர்த்து, கண்டங்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த பெருங்கண்டமான பாஞ்சியாவைச் செய்யப் பார்க்கிறோம். தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஓரளவு சேர்கின்றன. மற்றவை இடிக்கின்றன, இல்லாவிட்டால் நடுவில் இடைவெளி விழுகிறது. எப்படி வெட்டினால் சரியாக வரும்? பாஞ்சியாவுக்கு முன்பிருந்த பெருங்கண்டத்தையும் இதே அட்டைகளால் காட்ட முடியுமா?

பதில்: முதலில் உங்கள் வரைபடத்தைச் சந்தேகப்படுங்கள். சுவரில் மாட்டும் வரைபடங்கள் பல, துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அவற்றில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிட சுமார் 14 மடங்கு பெரியது. அண்டார்க்டிகாவோ அடியில் நீளப் பட்டையாக இழுபட்டுக் கிடக்கும். அந்தத் துண்டுகளை எப்படித் திருப்பினாலும் சேராது. ஒரு பூகோள உருண்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து, கண்டம் கண்டமாகப் படியெடுத்து வெட்டுங்கள்.

அடுத்தது, கத்தரி போக வேண்டிய கோடு. கடற்கரையை ஒட்டி வெட்டக் கூடாது. கடல்மட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான் கடற்கரை காட்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அது இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கண்டத்தின் உண்மையான விளிம்பு நீருக்கடியில், கரையை ஒட்டி ஆழம் குறைவாக நீளும் கண்டத்திட்டு முடிந்து சரிவு இறங்கும் இடத்தில் இருக்கிறது. 1965இல் கேம்பிரிட்ஜில் எட்வர்ட் புல்லார்டும் இரண்டு சகாக்களும் கணினியைக் கொண்டு அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் பொருத்திப் பார்த்தபோது, கடற்கரையை விட்டுவிட்டு ஏறத்தாழ 900 மீட்டர் ஆழக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். அபாரமாகப் பொருந்தியது. உருண்டையில் வெளிர்நீலத்தில் இருக்கும் ஆழம் குறைந்த பகுதியையும் கண்டத்தோடு சேர்த்து வெட்டினால் உங்களுக்குப் போதும்.

அப்போதும் சில இடங்கள் இடிக்கும். நைஜர் ஆற்றின் கழிமுகம் தென்னமெரிக்கா மேல் ஏறி நிற்கும். இரண்டு கண்டங்களும் பிரிந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது, தயங்காமல் நறுக்கிவிடுங்கள். ஐஸ்லாந்தை எடுத்துவிடலாம், அதன் மிகப் பழைய பாறைக்கே 2 கோடி வயது ஆகவில்லை. மத்திய அமெரிக்காவும் வேண்டாம். ஸ்பெயினைத் தனித் துண்டாக வெட்டிக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். அதற்கு வடக்கே உள்ள பிஸ்கே விரிகுடா திறந்தபோதுதான் அது இன்றைய நிலைக்குச் சுழன்றது.

இந்தியாவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதை ஆசியாவிலிருந்து பிரித்து, மடகாஸ்கருக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையில் வைக்க வேண்டும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது ஆசியாவை முட்டியது. அந்த மோதலில் அதன் வடபகுதி நசுங்கி மடிந்தது, ஒரு பங்கு திபெத்துக்கு அடியில் புகுந்தது. ஆகவே இமயமலைக் கோட்டில் முடியும் உங்கள் அட்டை, பாஞ்சியா காலத்து இந்தியாவைவிடச் சிறியது. வடக்கே வேறு நிறத் தாளில் கொஞ்சம் ஒட்டி நீட்டிவிட்டால் நடுவர்கள் கட்டாயம் ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும், சொல்ல நல்ல பதில் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதே அட்டைகளால் பாஞ்சியாவுக்கு முந்தைய ரோடினியாவைக் காட்ட முடியாது. நீங்கள் வெட்டும் விளிம்புகளில் பெரும்பாலானவை பாஞ்சியா பிளந்தபோது உண்டான விரிசல்கள். வட அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கடல் திறந்தது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன். தெற்கு அட்லாண்டிக் திறந்தது 13 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கு முன் அந்த விளிம்புகளே கிடையாது. இன்னொன்று, கண்டங்கள் முன்பு ஒட்டிய பழைய தையல் மேலேயே விரிசல் அப்படியே ஓடுவதும் இல்லை. புளோரிடாவின் அடித்தளப் பாறை ஒரு காலத்தில் ஆப்பிரிக்கப் பக்கத்தைச் சேர்ந்தது. பிரியும்போது வட அமெரிக்காவோடு தங்கிவிட்டது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஐயாபெட்டஸ் என்ற பழங்கடலின் எதிரெதிர்க் கரைகளில் இருந்தவை. அந்தக் கடல் 40 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன் மூடியபோதுதான் ஒன்றாயின. அட்லாண்டிக் ஒருமுறை மூடி மறுபடி திறந்ததா என்று 1966இல் கேட்டவர் கனடாவின் புவி அறிவியலாளர் டூசோ வில்சன். கடல்கள் திறந்து மூடும் சுழற்சிக்கு இன்று அவர் பெயர்தான்.

அப்படியானால் ரோடினியாவை எப்படித் தேடுகிறார்கள்? கடல்தரை உதவாது, இன்றிருப்பதில் ஏறக்குறைய எல்லாமே 20 கோடி ஆண்டுகளுக்குள் பிறந்தது. பழையதெல்லாம் பூமிக்குள்ளே அமிழ்ந்து போய்விட்டது. கண்டங்களின் மேலுள்ள பாறைகள்தான் சாட்சி. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமத்தின் துகள்கள் அப்போதைய புவிக்காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டில் உறைந்த பாறையில் அந்தக் காந்தம் கிடையாக இருக்கும், துருவத்தருகே செங்குத்தாக நிற்கும். சாய்வை அளந்தால் பாறை பிறந்த அட்சரேகை கிடைக்கும். தீர்க்கரேகை கிடைக்காது. கிழக்கு மேற்கைத் தீர்மானிக்க, ஒரே வயதுள்ள மலைத்தொடர்களின் வேர்களைக் கண்டம் கண்டமாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் கூடிய ரோடினியாவுக்கே ஆளுக்கொரு வரைபடம் இருப்பதற்கு இதுதான் காரணம். அதற்கும் முந்தைய, 180 கோடி ஆண்டுப் பழமையுள்ள கொலம்பியா என்ற பெருங்கண்டத்தில் சர்ச்சை இன்னும் அதிகம். மகள் ரோடினியாவைக் கையால் வரையட்டும். ‘ஒரு கருத்தின்படி’ என்று கீழே எழுதட்டும்.

ஏன் கூடுகின்றன, ஏன் பிரிகின்றன என்று கேட்டால், கடல்தரை கனமானது, கண்டம் இலேசானது என்பதிலிருந்து தொடங்குங்கள். மேசைவிரிப்பின் ஒரு நுனி தொங்கினால் மீதியும் சரிவதுபோல, குளிர்ந்து கனத்த கடல்தரை ஓரத்தில் பூமிக்குள் அமிழும்போது, அது சேர்ந்திருக்கும் தட்டு (நகரும் மேலோட்டுப் பாளம்) முழுவதையும் இழுக்கும். நடுவிலிருந்த கடல் தீர்ந்தால் கண்டங்கள் மோதும்; அமிழ முடியாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெருங்கண்டத்தின் வெளி ஓரங்களில் கடல்தரை அமிழத் தொடங்கும், இழுப்பும் வெளிநோக்கித் திரும்பும். அடியில் தேங்கும் வெப்பமும் பாறையை மேலே தள்ளும். பாஞ்சியாவில் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பெரும் எரிமலைப் பொழிவு நடந்தது. இழுப்பா, வெப்பமா, எது முதன்மை என்பதில் வாதம் ஓயவில்லை. என் வாக்கு இழுப்புக்கு.

அட்டைகளைப் பசை போட்டு ஒட்டாமல் காந்தத்தில் நிறுத்துங்கள். அடுத்த பெருங்கண்டம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்பார்கள். 20 முதல் 25 கோடி ஆண்டுகளில் அட்லாண்டிக் மூடும் என்பது ஒரு கணிப்பு. பசிபிக்தான் மூடும் என்பது மற்றொன்று. அந்த இரண்டையும் இதே அட்டைகளை நகர்த்திக் காட்டிவிடலாம்.