லத்தீனில் 'ஆசை'க்கு எந்தச் சொல்?

'ஆசை' என்பதற்கு லத்தீனில் எந்தச் சொல் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அது எப்படிப்பட்ட ஆசை என்பதைப் பொறுத்தது. பணம், பதவி மீதான பேராசைக்குப் பெரும்பாலும் குபிடிடாஸ். மனம் போன போக்கில் எழும் இச்சை லிபிடோ. காமத்துக்கு மட்டும் உரிய சொல் அல்ல. அறிவுக்கு இசைந்த விருப்பத்தை வொலுந்தாஸ் என்று ரோமானியப் பேச்சாளரும் சிந்தனையாளருமான சிசெரோ தனியே பிரித்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 'தேசிதேரியும்' (desiderium) என்ற சொல். பறிபோன ஒன்றுக்காக, அருகில் இல்லாத ஒருவருக்காக மனம் ஏங்குவது அது. கி.மு. 58இல் ரோமை விட்டு வெளியேற்றப்பட்ட சிசெரோ, கிரேக்க நகரமான தெசலோனிக்காவிலிருந்து மனைவி தெரென்தியாவுக்கு எழுதிய கடிதத்தில் 'என் ஒளியே, என் தேசிதேரியுமே' என்று அழைக்கிறார். அங்கே 'ஆசையே' என்று மொழிபெயர்த்தால் உயிர் போய்விடும். 'ஏக்கமே' என்றால்தான் அந்தப் பிரிவின் வலி காதில் விழும்.