120 வோல்ட் கிட்டார் ஆம்ப்பை 230-இல் செருகியவர்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர், பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். 120 வோல்ட் என்று கவனிக்காமல் வீட்டு பிளக்கில் செருகிவிட்டேன். பியூஸ் போனது, அதன்மேல் தாமிரக் கம்பியைச் சுற்றித் திரும்பப் போட்டேன், பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து புகை. இங்கே மோட்டார் வைண்டிங் கடைக்காரர், "பழைய சுற்றை எண்ணி அப்படியே கட்டித் தர்றேன்" என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல் பியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, கம்பி சுற்றியதுதான் டிரான்ஸ்ஃபார்மரைக் கொன்றது. சரி, நடந்தது நடந்துவிட்டது. கடையில் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அந்த "அப்படியே"வுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அது 60 சைக்கிள் மின்சாரத்துக்குக் கட்டியது, நம்முடையது 50. அதே கோரில், அதாவது நடுவிலுள்ள இரும்புத் தகடு அடுக்கில், அதே எண்ணிக்கையில் சுற்றினால் காந்தப்புலம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கோருக்குத் தாங்கும் வசதி இல்லையென்றால் சும்மா இருக்கும்போதே கொதிக்கும்.

பிரிக்கும்போது வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் சுற்றை முதலில் எண்ணச் சொல்லுங்கள், தடிமனான கம்பி, பெரும்பாலும் வெளியே இருக்கும், எண்ணுவது சுலபம். உதாரணமாக 6.3 வோல்ட்டுக்கு 16 சுற்று வந்தால் வோல்ட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை. 50 சைக்கிளுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், நமக்கு அது மூன்றாக வேண்டும். பிரைமரியை (மின்சாரம் உள்ளே வரும் சுற்று) 230-க்கே கட்டிவிடுங்கள், 690 சுற்று, 230-ஐ 120 ஆக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி தூக்கும் வேலையும் மிச்சம். மின்னோட்டம் பாதியாகிவிடுவதால் பிரைமரிக்கு மெல்லிய கம்பி போதும். செகண்டரிகள் (ஆம்ப்புக்குக் கொடுக்கும் சுற்றுகள்) எல்லாவற்றிலும் பழைய எண்ணிக்கையைவிட 20 சதவீதம் கூட்ட வேண்டும். கம்பி சுற்றும் பாபினில் இடம் போதவில்லையென்றால் அதே அளவு ஸ்டாம்பிங் (கோர் தகடு) வாங்கி அடுக்கை உயர்த்தலாம், ஆனால் அப்புறம் மேல்மூடி உட்காராது.

இன்னொன்று, மோட்டார் கட்டுபவர் கவனிக்காமல் விடக்கூடியது. இந்த ஆம்ப்பில் வால்வுகளின் பிளேட்டுக்கு உயர் வோல்டேஜ் தரும் எச்.டி. சுற்றின் இடையே, பயாஸுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் மைனஸ் வோல்டேஜ்) என்று தனியாக ஒரு டேப், அதாவது கிளைக் கம்பி, வெளியே வரும். அது நடு டேப்பிலிருந்து எத்தனையாவது சுற்று என்று குறித்துக்கொள்ளாமல் பிரித்துவிட்டால், பயாஸ் கிடைக்காமல் 6வி6 வால்வுகளின் பிளேட் சிவந்துவிடும். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று கழற்றுவதற்கு முன் போனில் நாலு படம் எடுத்துவையுங்கள். அதற்கும் முன், ஃபில்டர் கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எச்.டி.க்கும் ஹீட்டருக்கும் நடுவில் மைலார் காப்பு ஃபிலிமில் கஞ்சத்தனம் வேண்டாம். வார்னிஷில் முக்கி நன்றாகக் காயவைக்கட்டும்.

கட்டி வந்ததும் நேராக ஆம்ப்பில் மாட்டிவிடாதீர்கள். செகண்டரி எதையும் இணைக்காமல், 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை சீரீஸில் போட்டு 230 கொடுங்கள். பல்ப் லேசாக மினுங்கினால் போதும், பளிச்சென்று எரிந்தால் திரும்பக் கடைக்கு. அப்புறம் பல்ப் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை. வால்வு போடுமுன் ஃபில்டர் கபாசிட்டர்களையும் ரெக்டிஃபயரையும் சோதித்துவிடுங்கள், இரு மடங்கு வோல்டேஜ் அவற்றையும் பார்த்திருக்கிறது. பியூஸும் புதிது: பிரைமரி 230 ஆகிவிட்டதால் பின்னால் எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதி.