புன்னகைத்தாரா: ஆம் / இல்லை

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். மனைவி தாதி, ஷிப்ட் வேலை. இரண்டரை வயது மகளைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டு ஓராண்டாகிறது. கைச்செலவுக்கு மனைவியிடம் கேட்பது உறுத்துகிறது. மிஸ்டரி ஷாப்பிங் என்று ஒன்று இருக்கிறதாமே? சாதாரண வாடிக்கையாளர்போலக் கடைக்குப் போய், கவனிப்பு எப்படி இருந்தது என்று அறிக்கை எழுதினால் பணம் தருவார்களாம். நேரமும் நம் வசதிப்படி. நம்பி இறங்கலாமா? "ஆண்பிள்ளை வேவு பார்த்தா சம்பாதிப்பது?" என்று மாமனார் சிரிக்கிறார்.

— செங்காங் வாசகர்

அன்புள்ள தம்பி,

மாமனாரை விடுங்கள். மனைவியிடம் காசு கேட்க உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதை நான் விடமாட்டேன். நம் அம்மாக்கள் மார்க்கெட்டுக்குப் போக அப்பாவிடம் கை நீட்டியபோது வீட்டில் யாருக்கு உறுத்தியது? சரி, போகட்டும்.

வேலை உண்மையானதுதான். உண்மையான நிறுவனம் உங்களிடம் முன்பணம் கேட்காது. சேர்வதற்குக் கட்டணம், 'முதலில் நீங்கள் போடுங்கள், கமிஷனோடு திருப்பித் தருகிறோம்' என்கிற டெலிகிராம் செய்தி, இந்த இரண்டில் எது வந்தாலும் மோசடி. சந்தேகம் இருந்தால் மோசடி பற்றிக் கேட்பதற்கென்றே இருக்கும் 1799 என்ற எண்ணை அழையுங்கள். வருமானம் பற்றிக் கனவு வேண்டாம். சொந்தத் தொழில் செய்பவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்புக் கணக்கில் பணம் கட்டவேண்டும். அந்தக் கவலை உங்களுக்கு வராது. நேரம் நம் வசதிப்படி என்பதும் பாதிதான் உண்மை. வார நாளில் மதிய உணவு வேளைக்குள் போகவேண்டும் என்பார்கள், குழந்தையை அழைத்து வரக்கூடாது என்பார்கள். ரசீது தொலைந்தால் கூலியும் தொலைந்தது.

இவ்வளவுதான் உங்கள் கேள்விக்கு. நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

என் அக்கா தொண்ணூறுகளில் ஒரு பெரிய கடையில் ஒப்பனைப் பொருள் கவுண்டரில் நின்றார். 'நின்றார்' என்பதை அப்படியே வாசியுங்கள். நாற்காலி கிடையாது. இரவு வீடு திரும்பியதும் சிவப்புப் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றி, ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, இரண்டு காலையும் உள்ளே வைத்தபடியே சாப்பிடுவார். தட்டைக் கையில் கொடுப்பது என் வேலை.

ஒருநாள் மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்போல வந்துபோன ஒருவர் எழுதிய தாளை வாசித்தார். தேதி, பிற்பகல் 2.40, பெயர்ப்பட்டையில் இருந்த என் அக்காவின் பெயர். வணக்கம் சொன்னாரா: ஆம். புன்னகைத்தாரா: இல்லை. அந்த மாத ஊக்கத்தொகை போயிற்று. அன்று அக்காவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியிருந்தது. விடுப்புக் கேட்டும் கிடைக்கவில்லை. தாளில் அதற்கு இடமில்லை. அதன்பிறகு குளியலறைக் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினார். சில மாதம் என்னைப் பார்த்தும் அதே சிரிப்பைச் சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது.

வேவு பார்ப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. மாறுவேடத்தில் நகர்வலம் போன மன்னர்களின் கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்? பொற்கைப் பாண்டியன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டப்போய், அந்த வீட்டுப் பெண்மேல் பழி விழுமே என்று பயந்து தெருவிலிருந்த எல்லாக் கதவையும் தட்டினான். மறுநாள் சபையில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். வேவு பார்த்தவன் செய்த தவறுக்கு வேவு பார்த்தவனே விலை கொடுத்தான். நீங்கள் அவசரத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டால், விலை கொடுப்பது கவுண்டரில் நிற்கும் பிள்ளை.

இதே உத்தியை நல்லதற்கும் பயன்படுத்தலாம். சிங்கப்பூர் நாணய ஆணையம் இப்படி வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பி, 2012இல் முடிவை வெளியிட்டது. விற்பவர் சிரித்தாரா என்பதா அங்கே கேள்வி? எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பொருத்தமான காப்புறுதியையும் முதலீட்டையும் பரிந்துரைத்தாரா என்று பார்த்தார்கள். கேட்கவேண்டியதைக் கேட்டார்கள்.

ஆகவே, போவதென்றால் போங்கள். ஆனால் 'ஏழு நிமிடம் காத்திருந்தேன்' என்று எழுதும்போது, நான்கு கல்லாவில் ஒன்றுதான் திறந்திருந்தது, வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். படிவத்தின் அடியில் குறிப்புகளுக்கு ஒரு பெட்டி இருக்கும். பெரும்பாலானோர் அதில் 'நன்று' என்று போட்டு முடித்துவிடுவார்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்குங்கள். அப்படி எழுத ஒரு மணி நேரம் ஆகும், அதற்காகக் கூலியைக் கூட்டித் தரமாட்டார்கள் என்று முணுமுணுப்பீர்களானால் இந்த வேலையே வேண்டாம், மகளோடு மணலில் விளையாடுங்கள்.

நேற்று இதை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பொற்கைப் பாண்டியன் எதற்கு என்றார். பிறகு, "அந்த அம்மாவை எனக்கு நினைவிருக்கிறது. கருஞ்சிவப்பு லிப்ஸ்டிக் வாங்கினார். அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. யார் எதைப் பூசிப் பார்த்தாலும் அழகாக இருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள், சொன்னேன். அதற்கு மட்டும் முழு மதிப்பெண் போட்டிருந்தார்" என்றார்.