பள்ளிக்கூடம் இலவசம், போய்வரத்தான் காசில்லை

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள், தங்கள் ஊர் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் நிதி திரட்டுகிறார்கள். அவர்களோடு வேலை செய்யும் நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் எல்லாரும் ‘ஆத்தே’ என்று கூப்பிடும் பிலிப்பினோ அக்காவும் அவர் தோழிகளும் மாதாமாதம் பணம் சேர்த்து, ஊரில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். நானும் கொடுக்க ஆசைப்படுகிறேன். ஆனால் அங்கே அரசுப் பள்ளியில் கட்டணமே இல்லையாமே? பிறகு எதற்குப் பணம்? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கட்டணம் இல்லை என்பது உண்மைதான். சீருடைகூடக் கண்டிப்பில்லை என்று 2010-லேயே கல்வித்துறை உத்தரவு போட்டுவிட்டது. பிள்ளை படிப்பை நிறுத்துவது வேறொன்றால். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பாவோன்’. கட்டிக்கொடுக்கும் மதியச் சோறு, வண்டிக்கும் பண்டத்துக்கும் கையில் கொடுக்கும் சில்லறை, எல்லாம் சேர்ந்ததுதான் பாவோன். அது இல்லாத அன்று பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் போகாத பிள்ளைக்குப் பாடம் விட்டுப்போகும். விட்டதைப் பிடிக்க முடியாமல் கடைசியில் நின்றே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீப்னி வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் 2023 அக்டோபரில் 13 பெசோ ஆனது. மாணவர்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று 2019-ல் சட்டமே உண்டு. ஆக ஒரு நடைக்கு 10.40, போக வர 20.80. மாதம் 20 பள்ளி நாள் என்றால் 416 பெசோ. ஏழைக் குடும்பங்களுக்கான ‘பன்தாவித்’ உதவித் திட்டத்தில் 7 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு மாதம் 500 பெசோ என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது. ஆண்டுக்குப் பத்து மாதம்தான், குடும்பத்துக்கு அதிகபட்சம் மூன்று பிள்ளைகள்தான். அந்த 500-ல் வண்டிக்கூலி போக மிஞ்சுவது 84 பெசோ, அதாவது ஒரு நாள் சாப்பாட்டுக்கு 4 பெசோ 20 சென்டாவோ. வீடு உள்ளடங்கி இருந்து, மெயின் ரோட்டுக்கு வர டிரைசிக்கிள் பிடிக்கவேண்டும் என்றால் அதுவும் இருக்காது. ஆரம்பப்பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கும், உயர்நிலைப்பள்ளிக்குத்தான் தூரம் போகவேண்டும். உங்கள் ஆத்தே உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி.

கொடுக்குமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், எடுத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஆண்டு முழுவதற்குமான பணம் கையில் இருக்குமா? டிசம்பரில் நின்றுபோகிற உதவி, ஆரம்பிக்காத உதவியைவிடக் கெடுதல். அதை நம்பித்தான் அந்த வீட்டில் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருந்திருப்பார்கள்.

நீங்கள் நண்பர்களுக்குள் கொடுத்துக்கொள்வது வேறு. பொதுமக்களிடம் கேட்டு வெளிநாட்டுத் தொண்டுக்காகத் திரட்டுவதென்றால், சிங்கப்பூரில் அறநிறுவன ஆணையரிடம் முன்கூட்டியே பெர்மிட் வாங்கவேண்டும். அப்படித் திரட்டியதில் செலவு போக 80 சதவீதம் சிங்கப்பூருக்குள்ளேயே பயன்படவேண்டும் என்ற பொதுவிதியும் இருக்கிறது. ஆகவே பேஸ்புக்கில் பொதுவாகக் கேட்டுப் பதிவு போடவேண்டாம் என்று ஆத்தேயிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பிலிப்பினோ நண்பர்கள் ஒரு பெட்டி வைத்து வசூல் செய்ய நினைக்கிறார்கள். வைக்கலாமா? – வாசகர், துபாய்

பதில்: வேண்டாம். துபாயில் நிதி திரட்டுவதற்கும், திரட்டுவதாக விளம்பரம் செய்வதற்கும் இஸ்லாமிய விவகார, அறப்பணித் துறையின் முன்அனுமதி வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் 9-ஆம் ஆணை சொல்கிறது. 2021-ல் அமீரகம் முழுவதற்கும் தனிச்சட்டம் வந்துவிட்டது. உரிமம் பெற்ற அமைப்பு ஒன்றின் பெயரில், அது கொடுக்கும் ரசீதில் வசூலிப்பதே வழி. வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கு எண்ணைப் பகிர்வதும் ஆபத்துதான். நல்ல மனசோடு செய்தோம் என்பது அங்கே பதிலாகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ சகோதரி, ஞாயிறு விடுமுறையில் சென்ட்ரல் பகுதியில் கூடும் தோழிகளோடு சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிறார். கணக்கெழுத என் உதவியைக் கேட்கிறார். நான் எப்படித் தொடங்குவது? – வாசகி, ஹாங்காங்

பதில்: அவர்களிடம் ‘பலுவாகன்’ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அது நம்மூர்ச் சீட்டேதான்: மாதம் ஆளுக்கு ஒரு தொகை, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. அதே ஆட்கள், அதே நோட்டு என்பதால் பிள்ளைகளின் நிதியும் அதில் கலந்துவிடும். யாருக்காவது அவசரம் என்றால் நிதியிலிருந்து கைமாற்று போகும். யாரும் திருடவில்லை, ஆனால் ஜூன் மாதம் பணம் இருக்காது. முதல் வேலையாக இரண்டையும் பிரித்துத் தனி நோட்டு, தனிக் கணக்கு வையுங்கள்.

இடது பக்கம் வரவு: தேதி, பெயர், தொகை, ரசீது எண், கொடுத்தவர் கையெழுத்து. வலது பக்கம் செலவு: தேதி, பிள்ளையின் எண், பொருள், பெசோ தொகை, அன்றைய மாற்று விகிதம், அனுப்பும் கூலி, கடை பில் எண். மாற்று விகிதப் பத்தியைப் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு டாலரில் வந்ததும் பெசோவில் போனதும் ஒத்துவராமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியிருக்கும். பத்துப் பேர் தனித்தனியாக அனுப்பினால் பத்துக் கூலி, ஆகவே சேர்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள்.

ஊரில் அந்தப் பணத்தை மொத்தமாக வீட்டில் கொடுக்கக்கூடாது. அரிசி தீர்ந்த வீட்டில் அது அரிசியாகத்தான் மாறும், அதைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளூரில் ஒருவர் பொறுப்பில் வைத்து, பாவோனை வாரம் ஒருமுறை பிள்ளையின் தாயிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கட்டும். நோட்டு, செருப்பு போன்றவற்றுக்குக் கடையிலேயே நேராகக் கட்டிவிடலாம். வருகைப் பதிவை வகுப்பாசிரியரிடம் மாதம் ஒருமுறை கேட்டால் போதும்.

பிள்ளைகளைத் தேர்வதுதான் சிக்கலான இடம். பாராங்காய், அதாவது ஊராட்சி அலுவலகம், வறுமைச் சான்று கொடுக்கும். ஆனால் தலைவரின் ஒன்றுவிட்ட தம்பிக்கும் அது கிடைத்துவிடும். வகுப்பாசிரியரிடம் ஒரு பட்டியல், ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் ஒரு பட்டியல் தனித்தனியாக வாங்குங்கள். இரண்டிலும் வரும் பெயர்களை எடுத்துக்கொண்டு, உறவில்லாத ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து வரவேண்டும். இந்தச் சகோதரிகளின் வேலை ஒப்பந்தம் இரண்டு வருடம், பிள்ளைக்கோ 10-ஆம் வகுப்பு முடிக்க நாலு வருடம், 12 வரை என்றால் ஆறு. ஆகவே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முழு ஆண்டுப் பணம் கையிருப்பில் சேரும்வரை புதுப் பிள்ளையை எடுக்கவேண்டாம்.

பள்ளிக்கே ஏதாவது வாங்கிக்கொடுப்பதானால், 1998-ல் வந்த பள்ளித் தத்தெடுப்புச் சட்டத்தின் வழியில் ஒப்பந்தமும் நன்கொடைப் பத்திரமும் எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியர் கையில் ரொக்கம் வேண்டாம். தொகை பெரிதாக வளர்ந்தால், 1980-ல் அமைந்த கடல்கடந்த பிலிப்பினோக்கள் ஆணையம் 1989 முதல் நடத்தும் ‘லிங்காபில்’ திட்டம் வழியாக அனுப்பலாம்.

இன்னொன்று. பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட, பிள்ளையை அட்டை பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். கடை பில்லின் படம் போதும். அந்தப் பிள்ளைக்கும் வகுப்பில் நண்பர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: பணத்துக்குப் பதில் பள்ளிப்பை, மருந்து எல்லாம் பெட்டியில் போட்டு அனுப்பினால் என்ன? – வாசகர், குவைத்

பதில்: அவர்களின் ‘பாலிக்பாயான்’ பெட்டிக்கு வரிச்சலுகை உண்டு: ஆண்டில் மூன்று முறை, மொத்தம் 1,50,000 பெசோ மதிப்பு வரை. ஆனால் அது குடும்பத்துக்கு அனுப்பும் பெட்டி. ஒரே பொருள் ஒரு டஜனைத் தாண்டினால் வியாபாரச் சரக்காகப் பார்ப்பார்கள். அறுபது பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி அறுபது பை வைத்தால் சுங்கத்தில் நிற்கும். அதே பை அவர்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும், கடைக்காரருக்கும் நாலு காசு போகும். மருந்து கூடவே கூடாது. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் தரும் சாம்பிள் மாத்திரைகளில் அது பெரும்பாலும் இருக்காது. அங்கே சுகாதாரத் துறையின் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு டப்பா? – அதே வாசகர்

பதில்: கூடாது. 1986-ல் வந்த பால் சட்டம், கம்பெனிகள் தாய்மாருக்கு இலவச டப்பா கொடுப்பதையே அங்கே தடுத்தது. டப்பா தீரும்போது தாய்ப்பாலும் வற்றியிருக்கும். அடுத்த டப்பாவை வாங்க முடியாத வீட்டில் மாவைக் குறைத்து, நல்லதல்லாத தண்ணீரை ஊற்றிக் கலக்குவார்கள். பாலூட்டும் தாய்க்கு அரிசியும் முட்டையும் மீனும் வாங்கக் கொடுங்கள்.

கேள்வி: நான் மயக்கமருந்து மருத்துவர். பிலிப்பினோ நண்பர்கள் தங்கள் மாகாணத்தில் உதட்டுப் பிளவு அறுவை முகாம் நடத்த அழைக்கிறார்கள். எதைக் கவனிக்கவேண்டும்? – வாசகர், தோஹா

பதில்: உங்களுக்கு அங்கே தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தின் தற்காலிகச் சிறப்பு அனுமதி வேண்டும். அழைக்கும் உள்ளூர் அமைப்புதான் விண்ணப்பிக்கவேண்டும், சுகாதாரத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் தகவல் போகவேண்டும். டிக்கெட் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

‘ஆபரேஷன் ஸ்மைல்’ அமைப்பு பிறந்ததே அந்த நாட்டில்தான். 1982-ல் நாகா நகருக்குப் போன மேகி தம்பதியர், வந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோரைத் திருப்பியனுப்ப நேர்ந்ததால் தொடங்கியது அது. பிள்ளைகள் திரும்பிப்போவது இன்றும் முகாம்களில் நடக்கிறது, பல நேரம் இடமில்லாமல் அல்ல. உதட்டு அறுவைக்கு நீங்களே பார்க்கும் ‘மூன்று பத்து’ அளவு: வயது பத்து வாரம், எடை பத்து பவுண்டு (சுமார் நாலரை கிலோ), ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராம். வாயின் மேல்தட்டான அண்ணமும் பிளந்த குழந்தைக்குச் சப்பிக் குடிக்க வராது, அதனால் எடை ஏறாது. இருமலும் சளியும் இருந்தால் மயக்கம் கொடுக்க நீங்களே தயங்குவீர்கள். தாய் ராத்திரியெல்லாம் படகில் வந்து, காலையில் அதே பிள்ளையோடு திரும்பவேண்டியதுதான்.

ஆகவே நண்பர்கள் திரட்டும் பணத்தில் பாதியையாவது முகாமுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஊர் மருத்துவச்சி வாரம் ஒருமுறை எடை பார்க்கட்டும், ஹீமோகுளோபின் சோதனை முன்பே முடியட்டும். பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலை, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, சிறு கிண்ணத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டத் தாய்க்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் வீட்டுக்கே போகவேண்டும். தாயும் பிள்ளையும் இரண்டு நாள் முன்னதாக வந்து தங்க இடமும் சாப்பாடும் வேண்டும். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்துக்குள் இன்னொரு அறுவை உண்டு. அந்தப் பயணத்துக்கான பணத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். இடையில் சிக்கல் வந்தால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு மருத்துவமனைகளில் உள்ள, வைத்தியச் செலவுக்கு உதவும் ‘மலாசாகிட்’ மையத்துக்குப் போகலாம். வறுமைச் சான்று, மருத்துவச் சுருக்கம், அடையாள அட்டை, மருந்துச் சீட்டு அல்லது பில், இவை நான்கும் தாயின் கையில் ஒரே உறையில் இருக்கட்டும்.